பம்புக்காரர் பேத்தி பார்த்த பார்க் சிட்டி

முதல் நாள்: வியாழன்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில் வேலை பார்க்கும் சித்தி மகன் நாலு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "பனிச்சறுக்கு கத்துக்கலாம், வாங்கக்கா" என்பான். போன தீபாவளிக்குப் பேசும்போதுதான், தன் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் இருக்கும் பார்க் சிட்டி ஒரு காலத்தில் வெள்ளிச் சுரங்க ஊர் என்று சொன்னான். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் அப்போதே டிக்கெட் போட்டிருப்பேன்.

நான் கோலார் தங்கவயலில் பிறந்தவள். தாத்தா அங்கே சேம்பியன் ரீஃப் சுரங்கத்தில் நிலத்துக்கு அடியில் பம்பு ஓட்டினார். பாறை உடைக்கிறவர்களைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், தண்ணீர் இறைக்கிறவனை யாரும் நினைப்பதில்லை என்பது அவருக்குக் கடைசிவரை மனக்குறை. "பம்பு நின்னா சுரங்கம் நின்னுச்சுன்னு அர்த்தம்" என்பார். 2001 பிப்ரவரி 28-ந்தேதி தங்கவயல் மூடப்பட்டது. அப்புறம் பம்புகளும் நின்றன. தாத்தா ஏறி இறங்கிய ஷாஃப்டுகள், அதாவது செங்குத்தாக இறங்கும் சுரங்கக் குழிகள், இன்று தண்ணீரில் மூழ்கிக் கிடக்கின்றன. அப்படிச் செத்துப்போன ஒரு சுரங்க ஊர் மறுபடி எழுந்து நடமாடுகிறது என்று கேள்விப்பட்டால், எங்கள் ஊர்க்காரர் யாராக இருந்தாலும் போய்ப் பார்க்கத்தான் நினைப்பார்.

80-ஆம் எண் நெடுஞ்சாலை பார்லீஸ் பள்ளத்தாக்கு வழியாக மலையேறுகிறது. இரண்டு பக்கமும் பனி. பார்க் சிட்டி சுமார் 7,000 அடி உயரத்தில், ஏறக்குறைய ஊட்டி உயரத்தில் இருக்கிறது. காது அடைத்து, லேசாகத் தலை வலித்தது. தம்பி முதல் நாள் முழுக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கச் சொன்னான்.

மாலையில் மெயின் ஸ்ட்ரீட்டில் மட்டும் நடந்தோம். செங்குத்தான ஒற்றைத் தெரு. இரண்டு பக்கமும் மரத்திலும் செங்கல்லிலும் கட்டிய பழைய கட்டடங்கள். மதுக்கடை, ஓவியக் கூடம், தோல் பூட்ஸ் கடை என்று இப்போது ஆளுக்கொரு வியாபாரம். தெருவின் கீழ்ப்பகுதியிலிருந்து ஒரு நாற்காலி லிஃப்ட் நேராக மலைமேல் போகிறது. அதன் அருகே, துரு ஏறிய பழைய இரும்புக் கோபுரங்கள் வரிசையாக மலை ஏறுவதைக் கண்டு நின்றுவிட்டேன். அவை சில்வர் கிங் சுரங்கத்தின் கம்பிவடக் கோபுரங்கள். மேலே வெட்டிய தாதுவைத் தொட்டி தொட்டியாக இந்த வடத்தில் தொங்கவிட்டு, ரயிலடிக்கு இறக்கியிருக்கிறார்கள். பழைய வடத்தில் தாது கீழே இறங்கியது, புதிய வடத்தில் மனிதர்கள் மேலே ஏறுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு தெரு அகலம்தான்.

இரண்டாம் நாள்: வெள்ளி

இன்று முழுக்க அருங்காட்சியகத்தில் இருந்தேன். காலையில் போய், மதியம் தம்பி சாப்பிடக் கூப்பிட்டபோது வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்விட்டேன்.

1885-இல் கட்டிய பழைய நகர மன்றக் கட்டடம் அது. 1868 வாக்கில் இந்த மலைகளில் முதலில் வெள்ளியைக் கண்டவர்கள், சால்ட் லேக் சிட்டி அருகே முகாம் போட்டிருந்த ராணுவ வீரர்கள். அவர்களுடைய அதிகாரி பேட்ரிக் கானர், அவர்களைத் தாது தேட ஊக்குவித்தவர். 1872-இல் ஒன்டாரியோ சுரங்கம் தட்டுப்பட்டது. ஜார்ஜ் ஹர்ஸ்ட் அதை 27,000 டாலருக்கு வாங்கினார். பின்னாளில் அமெரிக்கப் பத்திரிகை உலகத்தையே ஆட்டிவைத்த வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்டின் அப்பா அவர். அந்தக் குடும்பத்துச் சொத்துக்கு அடித்தளம் போட்டதில் இந்த மலைக்கும் பங்கு உண்டு.

ஆனால் ஒன்டாரியோவில் வெள்ளியோடு தண்ணீரும் வந்தது. வெட்ட வெட்ட ஊற்றெடுத்தது. 1881-இல் கார்ன்வால் பாணி நீராவிப் பம்பு ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதன் சக்கரம் மட்டும் 30 அடி விட்டம். ஒரு சின்ன மூன்று மாடி வீட்டை நிமிர்த்தி வைத்தால் எவ்வளவோ, அவ்வளவு. அதுவும் போதாமல், மலையின் மறுபக்கம் தண்ணீர் தானாக வடிந்து ஓடும்படி ஏறத்தாழ 3 மைல் நீளத்துக்கு ஒரு வடிகால் சுரங்கப் பாதையைக் குடைந்து, 1894-இல் முடித்தார்கள்.

கார்ன்வால் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. தங்கவயலை 1880-இல் எடுத்து நடத்த வந்த ஜான் டெய்லர் நிறுவனம் அழைத்துவந்த மேஸ்திரிகளும் எஞ்சினியர்களும் பெரும்பாலும் அதே கார்ன்வால்காரர்கள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் வெள்ளீயமும் செம்பும் வெட்டிக்கொண்டிருந்தவர்கள், அங்கே சுரங்கங்கள் படுத்ததும் உலகம் முழுக்கப் பிழைக்கப் போனார்கள். ஒரு கூட்டம் எங்கள் ஊருக்கு வந்தது, ஒரு கூட்டம் இந்த ஊருக்கு வந்தது. எங்கள் ஊரில் அவர்கள் துரைகள். இங்கே அயர்லாந்துக்காரரோடும் ஸ்வீடன்காரரோடும் தோளோடு தோள் நின்று பாறை உடைத்த கூலிகள். ஒரே ஊரிலிருந்து கிளம்பினவர்களுக்கு இரண்டு இடத்தில் இரண்டு விதமான வாழ்க்கை. தாத்தா இருந்திருந்தால் இதை அவரிடம் சொல்லியிருப்பேன்.

சீனர்களுக்கு இங்கே வேறு கதை. அவர்கள் ஊருக்குள் தனிக் குடியிருப்பில் இருந்தார்கள். அந்தக் குடியிருப்பின் வழியாக நடக்கப் பிடிக்காமல், மேட்டுத் தெருவில் இருந்தவர்கள் அதன் தலைக்கு மேலே ஒரு பாலம் கட்டி அதில் நடந்து போயிருக்கிறார்கள். 1898 ஜூன் 19-ந்தேதி விடியற்காலையில் பிடித்த தீயில் அந்தப் பாலமும் போனது, மெயின் ஸ்ட்ரீட்டும் போனது. ஊரில் இருந்த சுமார் 350 கட்டடங்களில் 200 எரிந்துவிட்டன. ஊரை மறுபடி கட்டினார்கள். இன்று நான் பார்க்கும் தெருவில் பெரும்பகுதி அந்தத் தீக்குப் பிறகு எழுந்ததுதான். பாலம் இருந்த பக்கம் இப்போது கார் நிறுத்தும் அடுக்கு மாடி. அதன் பெயர் இன்றும் 'சைனா பிரிட்ஜ்'. நேற்று எங்கள் காரையும் அங்கேதான் நிறுத்தினோம், கதை தெரியாமல்.

கட்டடத்தின் அடியில் பழைய சிறை இருக்கிறது. குனிந்து நுழைய வேண்டிய அறைகள். ஒரு சுவரில் புகைக்கரியால் எழுதிய ஐ.டபிள்யூ.டபிள்யூ. என்ற தொழிற்சங்கத்தின் முத்திரை இன்னும் அழியாமல் இருக்கிறது. 1916-இல் உள்ளே கிடந்த யாரோ மெழுகுவர்த்திச் சுடரைக் கல்லோடு ஒட்டிப் பிடித்து எழுதியது. கோடுகள் கொஞ்சம் கோணல். ஒவ்வோர் எழுத்தும் புகை படியும்வரை பொறுமையாகப் பிடித்திருக்க வேண்டும். 1930-இல் கைரேகை எடுக்கிறோம் என்று கம்பெனி கிளம்பியதும், தங்கவயல் மொத்தமும் 21 நாள் வேலைக்குப் போகாமல் இருந்தது. அப்போது உள்ளே போனவர்களும் ஏதாவது ஒரு சுவரில் இப்படி எழுதியிருப்பார்கள். அந்தச் சுவரை யார் காப்பாற்றி வைத்தார்கள்?

அப்புறம், இந்தப் பயணத்தில் நான் எதிர்பாராத ஒன்று. அருங்காட்சியகத்தில் ஒரு குட்டி ரயில் பெட்டி நிற்கிறது. சுரங்கத் தொழிலாளர்கள் போய்வந்த பெட்டி என்று நினைத்தேன். பனிச்சறுக்க வந்தவர்கள் போன பெட்டியாம்!

வெள்ளி விலை விழுந்து, சுரங்கங்கள் ஒன்றொன்றாகப் படுத்து, 1953-இல் மிச்சம் இருந்த இரண்டு பெரிய கம்பெனிகள் ஒன்றாகி 'யுனைட்டட் பார்க் சிட்டி மைன்ஸ்' ஆனது. அதுவும் தள்ளாடியது. ஊரும் காலியாகிக்கொண்டே வந்தது. கடைசியில் அந்தக் கம்பெனியே, வெள்ளியைக் கொடுத்த மலையில் விழும் பனியை விற்கலாம் என்று முடிவெடுத்து, நலிந்த ஊர்களைத் தூக்கிவிட மத்திய அரசு வைத்திருந்த திட்டத்தில் சுமார் 12 லட்சம் டாலர் கடன் வாங்கி, 1963 டிசம்பரில் பனிச்சறுக்கு மையத்தைத் திறந்தது. மலை உச்சிக்கு ஆளை ஏற்ற ஒரு வழி வேண்டுமே? கையில் இருந்த சுரங்கத்தையே பயன்படுத்தினார்கள். ஸ்பைரோ சுரங்கப் பாதையில் சுமார் 3 மைல் தூரம் இருட்டில் ரயில். பிறகு தேய்ன்ஸ் ஷாஃப்டில், தொழிலாளர் ஏறி இறங்கிய அதே இரும்புக் கூண்டில், சுமார் 1,750 அடி நேராக மேலே. கதவைத் திறந்தால் பனி மலை. 1960களின் நடுவில் சில ஆண்டுகள் இது ஓடியிருக்கிறது. ஆனால் பாதை நெடுக மேலேயிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். வந்தவர்களின் உடை நனைந்து, மேலே போனதும் உறைந்து விறைத்துவிடும்.

அந்தப் பெட்டியில் உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் இடிக்கிறது. எதிரே ஒரு ஆள் உட்கார்ந்தால் அவர் முழங்காலும் இடிக்கும். தாத்தா சொன்ன சுரங்கமும் இதுதான்: இருட்டு, சத்தம், தலையில் சொட்டும் தண்ணீர்.

மூன்றாம் நாள்: சனி

காலையில் பனிச்சறுக்கு வகுப்பு. இந்த பூட்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கணுக்காலை அசையவிடாத கெட்டிப் பிளாஸ்டிக், முன்பக்கம் நாலு கொக்கி. மாட்டியதும் முழங்காலை மடக்கி முன்னே சாய்ந்துதான் நிற்க முடியும். கற்றுக்கொடுத்த அம்மாவுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். "பயம் வந்தால் பின்னால் சாய்வீர்கள். பின்னால் சாய்ந்தால் பலகை உங்கள் பேச்சைக் கேட்காது. பள்ளத்தைப் பார்த்துச் சாயுங்கள்" என்றார். உடம்பு ஒப்புக்கொள்ள ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒப்புக்கொண்ட பிறகு, பலகையின் ஓரம் பனியைச் சீவும் சத்தம் கேட்டது. தேங்காய் துருவும் சத்தம் மாதிரி, சரசரவென்று. அந்தச் சத்தம் ஒரே சீராக வந்தால் நீங்கள் சரியாகப் போகிறீர்கள் என்று அர்த்தமாம்.

லிஃப்டுகளுக்கும் சறுக்குப் பாதைகளுக்கும் வைத்திருக்கும் பெயர்களைக் கேளுங்கள்: பேடே, பொனான்ஸா, சில்வர்லோட், மதர்லோட், ப்ராஸ்பெக்டர். எல்லாம் சுரங்கத்து வார்த்தைகள். 'கிங் கான்' என்ற லிஃப்டின் பெயர் சில்வர் கிங் கன்சாலிடேட்டட் கம்பெனியின் சுருக்கம். 'பேடே' என்றால் சம்பள நாள். எங்கள் ஊரில் சம்பள நாளன்று ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெரு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெயர் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து மலையேறியது மனதுக்கு இதமாக இருந்தது.

மதியம் ஆசிரியையும் தம்பியும் என்னை பேடேயில் மேலே கூட்டிப்போனார்கள். உச்சியிலிருந்து மெல்ல இறங்கினால் பொனான்ஸா லிஃப்டின் அடி. அங்கே, சறுக்குகிறவர்கள் வரிசையில் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, சில்வர் கிங் சுரங்கம் நிற்கிறது. ஷாஃப்டுக்கு மேலே எழுப்பிய பெரிய கட்டடம், தகரச் சுவர்கள், வெளுத்த மரம், கூரையில் ஒரு ஆள் உயரப் பனி. ஒரு காலத்தில் இந்த ஊரின் பெரிய சம்பளப் பட்டுவாடா இங்கேதான். தாமஸ் கேர்ன்ஸ் என்ற சாதாரணத் தொழிலாளி இந்தச் சுரங்கத்தில் பங்கு போட்டுக் கோடீஸ்வரராகி, 1901-இல் அமெரிக்க செனட்டராகவும் ஆனார். சால்ட் லேக் சிட்டியில் அவர் கட்டிய மாளிகை இப்போது மாநில ஆளுநரின் இல்லம்.

நிறையப் பேர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்கள். விடுமுறைக்கு வந்தவர்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இந்தக் கட்டடங்கள் தானாக நிற்கவில்லை. உள்ளூர் மக்கள் அமைப்பு வைத்து, பணம் திரட்டி, சாயும் ஒவ்வொன்றையும் முட்டுக் கொடுத்து நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். இந்த மலைகளுக்கு அடியில் ஆயிரம் மைல் நீளத்துக்குச் சுரங்கப் பாதைகள் ஓடுகின்றன என்று ஆசிரியை சொன்னார். பனியில் நிற்கும்போது கால் கூசியது. இங்கேயே நின்றபடி, கீழே ஒரு ஷிஃப்டு ஆட்கள் வேலை செய்வதை நினைத்துப் பார்த்தேன்.

'ஹோம் ரன்' என்ற நீளமான, சாய்வு குறைந்த பாதையில் இறங்கினோம். இரண்டு தடவை விழுந்தேன். முழங்கையில் கன்றிப்போயிருக்கிறது.

நான்காம் நாள்: ஞாயிறு

சறுக்கப் போகவில்லை. ஊர்ப் பேருந்துகள் இலவசம். ஏறி இறங்கி ஊரைச் சுற்றினேன். காலையில் ஏறியபோது, பேருந்தில் பாதிப் பேர் ஓட்டல்களுக்கும் லிஃப்டுகளுக்கும் வேலைக்குப் போகிறவர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஸ்பானிய மொழியில் வீட்டுக்குப் பேசிக்கொண்டு வந்தார். இந்த ஊரில் வேலை பார்க்கிறவர்கள் பலருக்கு இங்கே வீடு எடுத்துத் தங்கக் கட்டாது. 1970-இல் இந்த ஊரில் 1,200 பேர்கூட இல்லை. கைவிட்டுப் போன வீடுகளை அன்று யாரும் சீந்தவில்லை. இன்று அதே சின்னத் தொழிலாளி வீடுகளின் விலையைக் கேட்டால் நம்ப முடியவில்லை. ஊர் பிழைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தில் இவர்களுக்கும் ஒரு வீடு கிடைக்க வேண்டும்.

முதலில் நகரப் பூங்காவில் இருக்கும் 'மைனர்ஸ் ஹாஸ்பிடல்' பார்த்தேன். 1904-இல் தொழிலாளர் சங்கமும் ஊர்மக்களும் சேர்ந்து கட்டிய ஆஸ்பத்திரி. இரண்டு வருடம் முன்பு, 1902 ஜூலையில், டேலி-வெஸ்ட் சுரங்கத்தின் உள்ளே வெடிமருந்துக் கிடங்கு வெடித்து 34 பேர் இறந்திருந்தார்கள். வெடியில் இறந்தவர்களைவிட, அதன் விஷப் புகை சுரங்கப் பாதைகளில் பரவி மூச்சு முட்டி இறந்தவர்கள்தான் அதிகம். காப்பாற்ற இறங்கியவர்களும் அதில் போனார்கள். அதற்குப் பிறகுதான் சுரங்கத்துக்குள் வெடிமருந்தைக் குவித்து வைப்பதற்கு யூட்டா மாநிலத்தில் தடை வந்தது. தூசியால் நுரையீரல் கெட்டவர்களும் இந்த ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார்கள். அந்த இருமல் எனக்குத் தெரியும். எங்கள் லைன் வீடுகளில் ராத்திரி பத்து மணிக்கு மேல் தெரு முழுக்கக் கேட்கும்.

அடுத்து ப்ராஸ்பெக்டர் என்ற பகுதி. கடைகள், அடுக்கு மாடி வீடுகள், புல்தரைகள். பார்த்தால் எதுவும் தெரியாது. தாது அரைத்த கழிவைக் கொட்டிய இடத்தின் மேல்தான் அந்தக் குடியிருப்பே நிற்கிறது. மண்ணில் ஈயமும் ஆர்செனிக்கும் இருப்பது 1980களில் பெரிய பிரச்சினையானது. அதன்பின் நகராட்சி சட்டம் போட்டது: அந்தப் பகுதியில் வெறும் மண் தெரியக் கூடாது, சுத்தமான மேல்மண் குறைந்தது ஆறு அங்குலம் போட்டுப் புல்லோ செடியோ வளர்க்க வேண்டும், தோண்டிய மண்ணை இஷ்டத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. ஆறு அங்குலம் என்பது என் கையில் ஒரு சாண் கூட இல்லை. ஆனாலும் அந்தச் சட்டத்தைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் ஊரில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய சயனைடு மண் மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. ஆடிக் காற்றில் அந்த வெள்ளைத் தூசி வீட்டுக்குள் பாத்திரத்தில் வந்து படியும். துணியைப் போட்டு மூடுவோம். எங்களுக்கும் ஆறு அங்குல மண் போட யாராவது முன்வந்திருக்கலாம்.

மாலையில் ஸ்பைரோ சுரங்க வாய்க்குப் போனேன். மலையடிவாரத்தில், ஒரு லிஃப்டின் பக்கத்திலேயே, பழைய சுரங்கக் கட்டடங்களைச் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். சறுக்குகிறவர்களை ஏற்றிப்போன அந்தக் குட்டி ரயில் புறப்பட்டது இங்கிருந்துதான். ரயில் நின்றுபோனது, தண்ணீர் நிற்கவில்லை. ஸ்பைரோவிலிருந்தும் ஜட்ஜ் என்ற இன்னொரு சுரங்கப் பாதையிலிருந்தும் ராத்திரி பகலாக வடிந்துகொண்டே இருக்கிறது. பார்க் சிட்டி மக்கள் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு அதுதான். பாறையிலிருந்து ஆர்செனிக், ஆன்டிமொனி போன்றவையும் கலந்து வருவதால், சுத்திகரிக்கப் பெரிய நிலையம் ஒன்றைப் பக்கத்திலேயே கட்டியிருக்கிறார்கள்.

ஒன்டாரியோவில் முப்பதடிச் சக்கரம் வைத்து விரட்டிய தண்ணீர். சுரங்கக்காரர்கள் எமனாக நினைத்துப் பயந்த தண்ணீர். வெள்ளி போய்விட்டது, கம்பெனி போய்விட்டது, இது மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே பாதையைச் சரிவாகக் குடைந்ததால் பம்பு இல்லாமலே வெளியே வருகிறது. எங்கள் ஊரில் பூமி சமதளம், சேம்பியன் ரீஃபின் ஆழம் 3 கிலோமீட்டருக்கு மேல். இறைத்தால்தான் வரும்.

அறைக்கு வந்ததும் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தேன். பிறகு அப்பாவைக் கூப்பிட்டேன். ராபர்ட்சன்பேட்டையில் அப்போது காலை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"குடிச்சியா?" என்றார்.

"குடிச்சேன்பா."

"எப்படி இருந்துச்சு?"

"ஜில்லுனு இருந்துச்சு."

"தாத்தா இறைச்ச தண்ணி சூடா இருக்கும்மா. அவ்வளவு ஆழத்துல பாறையே சுடும். ஷிஃப்டு முடிஞ்சு வந்தா கை ரெண்டும் வெந்து சுருங்கியிருக்கும்."

கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "ஒரு பாட்டில்ல பிடிச்சுட்டு வாம்மா" என்றார்.

பிடித்து, மூடியை இறுக்கி, ஸ்வெட்டருக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். நாளைக் காலை பத்தரைக்கு விமானம்.